850 பவுண்டு கேட்ட வேலை 174 பவுண்டில் முடிந்தது: ஒழுகும் பவர் ஸ்டீயரிங் குழாய்களும் ஒரு ஹோஸ் பட்டறையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்டறைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. அந்த ஒரு மதிப்பெண் ஏன் போனது என்பது கீழே வருகிறது, பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதுதான் உபயோகமான பகுதி. பட்டறையின் பெயரைப் போடவில்லை. இரண்டே பேர் வேலை செய்கிற இடம். ஜேசிபி, லாரி, ஃபோர்க்லிஃப்ட் என்று ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்துப்போய் ஓடி வருகிறவர்கள்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள், கார்க்காரன் வந்தால் இடையில் நேரம் கிடைக்கும்போது செய்து கொடுப்பார்கள். "இணையத்தில் பெயரைப் போட்டுவிடாதீர்கள் மேட், அப்புறம் பழைய கார் வைத்திருக்கிற அத்தனை பேரும் வாசலில் வந்து நிற்பார்கள்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். லண்டனுக்கு மேற்கே, ஸ்லவ் பக்கம், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் லாரியும் ஜேசிபியும் ஓடுகிற எந்த ஊரிலும் இப்படி ஒரு இடம் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

வண்டி 1992 யூனோஸ் ரோட்ஸ்டர். பெயர் கேள்விப்படாதவர்களுக்கு, மஸ்டா எம்எக்ஸ்-5 தான் இது. ஜப்பானில் மஸ்டா இதை யூனோஸ் என்ற தனிப் பெயரில் விற்றது, அமெரிக்காவில் மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் காட்டினார்களே, அந்த முதல் தலைமுறை. தலையைத் தூக்கிப் பார்க்கிற முகப்பு விளக்குகள், 1.6 லிட்டர் எஞ்சின், மொத்த எடை ஒரு டன்கூட வராது. ஜப்பானில் சாதாரண மாடல் வாங்கியவர்களுக்குப் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது, ஸ்பெஷல் பேக்கேஜ் எடுத்தவர்களுக்குத்தான் பவர் ஸ்டீயரிங், பவர் விண்டோ, அலாய் வீல் எல்லாம். என்னுடையது ஸ்பெஷல் பேக்கேஜ். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், போன ஜனவரி வரைக்கும்.

ஜனவரியில் ஒரு நாள் காலையில் வண்டியை எடுத்து வளைக்கும்போது முன்பக்கத்திலிருந்து மாடு முனகுவது போல ஒரு சத்தம். பானெட்டைத் திறந்து பார்த்தால் ஸ்டீயரிங் ஆயில் டேங்கில் கால்வாசிகூட இல்லை. ஊற்றினேன், பத்து நாளில் மறுபடி காலி. கீழே தரையில் மட்டும் பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் குழப்பியது. பிறகுதான் புரிந்தது, இந்த வண்டிக்கு முன்பக்கம் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு, ஒழுகுகிற ஆயில் எல்லாம் அதில் தேங்கி, ஓடும்போது பின்னால் பரவி, எங்கெங்கோ போய்ச் சொட்டுகிறது. சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஒழுகுகிற இடத்தை முடிவு செய்தால் நிச்சயம் ஏமாந்துபோவோம்.

இங்கே எம்ஓடி என்கிற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகினால் தேறாது. எனக்கு மார்ச்சில் சோதனை. ஆகவே பக்கத்தில் இருந்த ஒரு கராஜில் கொண்டுபோய்க் காட்டினேன். லிஃப்டில் ஏற்றினார்கள், டார்ச் அடித்து இரண்டு நிமிடம் பார்த்தார்கள், "ரேக் போயிடுச்சு, ரீகண்டிஷன் ரேக் போடணும், வீல் அலைன்மென்ட் சேர்த்து 850 பவுண்டு" என்றார்கள். ரேக் என்பது ஸ்டீயரிங்கைத் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற பாகம். அது போயிடுச்சு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எல்லாம் ஆயிலாக இருக்கிறதே என்று பதில். எல்லாம் ஆயிலாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை, ஆனால் மழையில் வீடு முழுக்க ஈரமாக இருந்தால் எந்த ஓடு உடைந்தது என்று பார்க்காமல் கூரையையே மாற்றச் சொல்வது போலத்தான் அது.

சரி, வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம் அதைவிட முட்டாள்தனம். ஒழுகலை நிறுத்தும் திரவம் என்று ஒரு பாட்டில், 9 பவுண்டு, வாங்கி ஊற்றினேன். அந்த மாதிரி திரவம் என்ன செய்யும் என்றால் ரப்பர் சீல்களைக் கொஞ்சம் ஊதவைக்கும், வயதாகிச் சுருங்கிய சீல் இருந்தால் சில மாதங்களுக்குத் தாக்குப்பிடிக்கலாம். துருப்பிடித்து ஓட்டை விழுந்த இரும்புக் குழாயை அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மூன்றே நாளில் அந்த 9 பவுண்டும் பிளாஸ்டிக் தட்டில் தேங்கி நின்றது. இந்தப் பொருளுக்குத் தனியாக மதிப்பெண் கேட்டால் பூஜ்யம், குறை பொருளில் இல்லை, எதற்கு என்ன மருந்து என்று தெரியாமல் ஊற்றிய என்னிடத்தில்.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். கோயம்புத்தூர்க்கார நண்பன் ஒருவன் இங்கே ரெடிங்கில் இருக்கிறான், அவனிடம் நல்ல ஜாக்கியும் ஆக்சில் ஸ்டாண்டுகளும் உண்டு. சனிக்கிழமை வந்தான், வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடித்தட்டைக் கழற்றினோம். "மச்சி, முதல்ல கழுவுடா, அப்புறம் பாரு" என்றான். பிரேக் கிளீனர் இரண்டு கேன் அடித்து, துணியால் துடைத்து, எல்லாவற்றையும் உலரவைத்து, கீழே வெள்ளை அட்டையை விரித்து, எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினோம்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை, இல்லாவிட்டால் மேலே சொல்வது புரியாது. பம்ப் எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிறது. அங்கிருந்து ஒரு அழுத்த ஹோஸ் ரேக்குக்குப் போகிறது. ரேக்கில் ஒரு வால்வு இருக்கிறது, நாம் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கு ஏற்ப ஆயிலை ரேக் சிலிண்டரின் இடது பக்கமோ வலது பக்கமோ தள்ளும், அதற்கு வால்விலிருந்து சிலிண்டருக்கு இரண்டு குட்டைக் குழாய்கள். வேலை முடித்த ஆயில் திரும்பி டேங்குக்குப் போகும் வழியில் வண்டியின் முன்பக்கமாகக் குறுக்கே ஓடித் திரும்பும் ஒரு நீளமான இரும்புக் குழாய், காற்று பட்டு ஆயில் ஆறுவதற்காக வைத்தது. இந்தக் குளிர்விக்கும் குழாய்தான் இங்கிலாந்தில் இந்த வண்டிகளின் பலவீனம். குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், முன்சக்கரங்கள் அதை வாரி அடிக்கின்றன, குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே பார்த்தால் கறுப்புப் பெயின்ட் அப்படியே இருக்கும், கிளிப்பைக் கழற்றினால் உள்ளே பட்டாணிக் கடலைத் தோல் மாதிரி உதிரும்.

எனக்கும் அதேதான். வலது ஓரத்தில் கிளிப்புக்கு அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை, எஞ்சின் ஓடும்போது அதிலிருந்து சிவப்பாக ஒரு மணி திரண்டு, விழுந்து, மறுபடி திரண்டது. அதைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம், புதையல் கிடைத்த மாதிரி. ஆனால் நண்பன் அத்தோடு விடவில்லை, ரேக்கின் இரண்டு முனைகளிலும் இருக்கிற ரப்பர் பூட்டைப் பிதுக்கிப் பார் என்றான். துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் உறை அது. உள்ளே ஆயில் தேங்கிக் கொழகொழ என்று இருந்தால் ரேக்கின் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது குழாய் மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை, கராஜ்காரர்கள் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். இரண்டு பக்கமும் கிளிப்பைத் தளர்த்தி விரலை விட்டே பார்த்தோம், காய்ந்துதான் இருந்தது. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, 850 பவுண்டு சொன்னவர்கள் இதைச் செய்யவில்லை.

இன்னொன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் பின்பக்கம், தலைப்பகுதியில் கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று உண்டு, அதன் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் வயதானால் எஞ்சின் ஆயில் பின்னால் வழியும். அதையும் ஸ்டீயரிங் ஆயிலையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஸ்டீயரிங்கில் இருப்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், புதிதில் சிவப்பு, வயதானால் பழுப்பாகும், ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

குளிர்விக்கும் குழாயைத் தவிர ரேக்கின் குட்டைக் குழாய் ஒன்றும் ஓட்டை விழாமல், ஆனால் விழுவதற்குத் தயாராக இருந்தது, அழுத்த ஹோஸின் ரப்பர், இரும்பு முனையோடு அதை அமுக்கிப் பிடிக்கிற கிரிம்ப் வளையத்தின் அருகே வெடித்து ஈரமாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆன ரப்பர், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

கழற்றுவதுதான் உண்மையான வேலை. ரேக்கில் குழாய் ஏறுகிற நட்டுகளை சாதாரண திறந்த வாய் ஸ்பேனரால் தொடவே தொடாதீர்கள், முனை மழுங்கி உருண்டையாகிவிடும். குழாய் நுழைய ஒரு வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் தனியாகக் கிடைக்கிறது, ஒரு செட் 18 பவுண்டுக்கு வாங்கினேன், வாங்கிய பொருள்களிலேயே மனம் நிறைந்தது அதுதான். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். இரண்டு நட்டுகள் கழன்றன. மூன்றாவது நட்டு கழல்கிற மாதிரி திரும்பியது, பார்த்தால் நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டு வருகிறது. எப்படியும் மாற்றப்போகிற குழாய்தானே என்று ரம்பத்தால் அறுத்துவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை முழுசாக மாட்டித் திருப்பினோம், டக் என்று விட்டது. தெரிந்திருந்தால் மூன்றையும் முதலிலேயே அறுத்திருப்போம். ஆனால் அறுப்பதற்கு முன் வளைவு தெரிகிற மாதிரி நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அறுத்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள், மாதிரி இல்லாமல் பட்டறைக்குப் போனால் அவர்கள் கை விரித்துவிடுவார்கள்.

இப்போது பட்டறை. தகரக் கூரை, உள்ளே நுழைந்ததும் ரப்பரும் வெட்டு எண்ணெயும் கலந்த வாசனை, ஊரில் லேத் பட்டறைக்குள் போன மாதிரியே இருந்தது எனக்கு, ரேடியோவில் இளையராஜா மட்டும்தான் பாக்கி. பெரியவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கலாம். நான் கொண்டுபோன துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, குளிர்விக்கும் குழாயை எடுத்து நகத்தால் சுரண்டினார், ஒரு செதில் பெயர்ந்து வந்தது. "இதை இவ்வளவு நாள் ஓட்டினீர்களா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கணினியில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்க்கவில்லை, பார்ட் நம்பர் கேட்கவில்லை. வெர்னியரை எடுத்து விட்டம், மரை, முனையின் கூம்பு எல்லாவற்றையும் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

என்ன உலோகத்தில் செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. நான் படித்துவிட்டுப் போன மேதாவித்தனத்தில், செம்புக் குழாய் போட்டுவிடுங்கள், துருவே பிடிக்காது என்றேன். வேண்டாம் என்றார். சுத்தச் செம்பு மென்மையானது, எஞ்சின் அதிர்வில் அடிபட்டு அடிபட்டு இறுகிப்போய் ஒரு நாள் கீறல் விடும், என்னிடம் கேட்டால் குனிஃபர்தான் என்றார். பிரேக் குழாய்க்குப் போடுவார்களே அதுதான். பத்தில் ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு நிக்கல், கொஞ்சமே கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும். செம்பு, நிக்கல், இரும்பு மூன்றின் வேதியியல் குறியீடுகளைச் சேர்த்து வைத்த பெயர்தான் குனிஃபர். உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், கையாலேயே வளைக்கலாம், அதிர்வுக்கும் செம்பைவிட எவ்வளவோ மேல்.

குழாய் முனையை விரித்துக் கூம்பு செய்வதில்தான் கைப்பழக்கம் தெரிகிறது. பிரேக் குழாய்களில் ஜப்பான் வண்டிகளுக்குப் பொதுவாக இரட்டை மடிப்பு, ஜெர்மன் வண்டிகளுக்குக் குமிழ் மாதிரி முனை. பார்க்க ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கும், மரை ஏறக்கூட ஏறிவிடும், ஆனால் உட்காராது, இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று இறுக்கி ரேக்கின் அலுமினிய உடம்பைக் கெடுத்தவர்கள் உண்டு. இவர் பழைய முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒரு வெட்டுத் துண்டில் செய்து, கத்தரித்து, குறுக்குவெட்டை என்னிடம் காட்டினார். அப்புறம்தான் என் குழாயைத் தொட்டார். திரும்பும் குழாயின் முனைகளில் ரப்பர் ஹோஸ் மாட்டுகிற இடத்தில் சின்ன வளையம் மாதிரி புடைப்பும் எடுத்துக் கொடுத்தார், அது இல்லாவிட்டால் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் ஹோஸ் நழுவிவிடும். வீட்டில் நாமே செய்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற விஷயம் இது.

வளைவுகளை மட்டும் நான் எதிர்பார்த்த அளவுக்குத் துல்லியமாகச் செய்யவில்லை, குளிர்விக்கும் குழாயில் ஒரு வளைவு ஒரு விரல் அளவு தள்ளிப்போய், வண்டியில் பூட்டும்போது நானே கையால் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. குனிஃபர் என்பதால் முடிந்தது. இரும்பாக இருந்திருந்தால் திரும்பப் போயிருப்பேன்.

அழுத்த ஹோஸ் வேறு மாதிரி வேலை. அதன் இரண்டு முனைகளிலும் உள்ள வளைந்த இரும்புப் பகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய கிரிம்பை அறுத்து ரப்பரை மட்டும் எடுத்துவிட்டு, இரும்பு முனைகளைச் சுத்தம் செய்து, புது ஹோஸைச் செருகி, புது வளையம் போட்டு மெஷினில் எட்டுப் பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கி இறுக்குகிறார்கள். பத்து விநாடி வேலை, பார்ப்பதற்கே அழகு. அப்புறம் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் கடிகாரத்தில் முள் இறங்குகிறதா என்று பார்த்தார். பவர் ஸ்டீயரிங் முழுதாக வளைத்து நிற்கும்போது சாதாரண கார்களிலேயே 1,000 பிஎஸ்ஐ அழுத்தம், சிலவற்றில் அதற்கு மேலும் போகும், தோட்டத்து ஹோஸும் திருகி இறுக்குகிற ஜூபிலி கிளிப்பும் போட்டு ஒப்பேற்றுகிற இடம் இல்லை அது. அவர் அதற்குப் பல மடங்கு ஏற்றிக் காட்டினார், முள் அசையவில்லை.

விலை: குளிர்விக்கும் குழாய் 48, ரேக் குழாய்கள் இரண்டும் 44, அழுத்த ஹோஸ் 62, ஆக 154 பவுண்டு. காலையில் கொடுத்து மாலையில் வாங்கிக்கொண்டேன். ரசீதில் என்ன ஹோஸ், என்ன விட்டம் என்று எழுதியும் கொடுத்தார்.

பூட்டுவது அரை நாள். பம்ப் முனையின் வாஷர்களைப் புதிதாகப் போட்டோம், பழையதைத் திரும்பப் போட்டால் ஒழுகும், அதற்கு ஒரு பவுண்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். அப்புறம் காற்று எடுப்பது. இதில் அவசரப்பட்டுப் பம்பைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடக் கூடாது. டேங்கில் ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிடாமல், ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை மெதுவாக இருபது தடவையாவது திருப்புங்கள், அளவு இறங்க இறங்க ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். குமிழ் வருவது நின்ற பிறகுதான் எஞ்சின். ஓடவிட்டு மறுபடி மெதுவாகத் திருப்புங்கள், கடைசியில் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், சில விநாடிகளுக்கு மேல் பிடித்தால் பம்ப் தன் ஆயிலைத் தானே கொதிக்கவைத்துக்கொள்ளும். டேங்கில் ஆயில் இளஞ்சிவப்பாக நுரைத்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வாருங்கள். நாங்கள் தேநீர் குடிக்கப் போனோம்.

திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தால், நிறுத்தி வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. ஐயோ என்றாகிவிட்டது. கடைசியில் பார்த்தால் பம்ப் பக்கம் ஒரு சின்ன அழுத்த ஸ்விட்ச் இருக்கிறது, ஸ்டீயரிங் கனமாகும்போது எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லி எஞ்சின் கணினிக்குத் தகவல் சொல்வது, அதன் ஒற்றை ஒயரை நான் மாட்டவில்லை. மாட்டினேன், தீர்ந்தது.

இனி அந்த ஒரு மதிப்பெண். ஒழுகல் முழுதாக நின்றுவிட்டது, வெள்ளை அட்டை வெள்ளையாகவே இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்கை முக்கால் பங்குக்கு மேல் வளைத்தால் வண்டி முழுக்க "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம், பெடலில்கூடத் தெரிந்தது. முன்பு கேட்ட முனகல் காற்றால் வந்தது, ஆயில் குறைந்தால் வருவது. இது வேறு, ஒரே சுருதியில் நிற்கிறது. இரண்டு தடவை மறுபடி காற்று எடுத்தேன், பெல்ட்டை இறுக்கினேன், போகவில்லை.

காரணம் ஹோஸ்தான். பம்புக்குள் சுழல்வது சின்னச் சின்னத் தகடுகள், ஆகவே ஆயில் ஒரே சீராக வராது, துடிப்புத் துடிப்பாக வரும். கார் ஸ்டீயரிங்குக்கென்று செய்கிற அழுத்த ஹோஸ் அந்தத் துடிப்புக்குக் கொஞ்சம் ஊதி இறங்கிக் கொடுக்கும்படி வேண்டுமென்றே மென்மையாக நெய்திருப்பார்கள், எஸ்ஏஇ ஜே188 என்று அதற்குத் தனித் தரமே இருக்கிறது. ஜேசிபிக்குப் போடுகிற இரட்டைக் கம்பி வலை ஹோஸ் அதைவிடப் பல மடங்கு வலுவானது, ஆனால் ஊதாது, இரும்புக் குழாய் மாதிரி துடிப்பை அப்படியே ரேக்குக்கும் பாடிக்கும் கடத்திவிடும். எனக்குப் போட்டது இரட்டைக் கம்பி வலை. வலுவானதே நல்லது என்று அவர் நினைத்திருக்கிறார், நானும் அழுத்தச் சோதனையில் முள் அசையாததைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு வந்துவிட்டேன்.

திரும்பப் போய்ச் சொன்னேன். பெரியவர் சண்டை போடவில்லை, முதலில் நம்பவும் இல்லை. காரில் உட்கார்ந்து திருப்பிப் பார்த்தார், இறங்கி வந்து ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு என்னைத் திருப்பச் சொன்னார். "ஆமாம், மேட், இது என் தப்பு" என்றார். ஸ்டீயரிங் ஹோஸ் கையிருப்பில் இல்லை, வரவழைத்து ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார், பொருளுக்கு மட்டும் 20 பவுண்டு வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார், ஆக மொத்தம் 174. ரீங்காரம் முழுதாகப் போகவில்லை, கடைசி வளைவில் மெல்லியதாக இருக்கிறது, ஆனால் இப்போது ரேடியோ போட்டால் கேட்காது. கூலி வாங்காதது நல்ல மனசு, பொருளுக்கும் வாங்காமல் இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். அந்த ஒரு வாரமும் வண்டி ஓடாமல் நின்றது வேறு.

பவர் ஸ்டீயரிங்கையே எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், இவ்வளவு லேசான வண்டிக்கு எதற்கு என்று. உண்மைதான், ஓடும்போது தேவையில்லை. ஆனால் பம்பைக் கழற்றிவிட்டு ரேக்கின் இரண்டு துளைகளையும் ஒரு ஹோஸால் இணைத்துவிடுவது சரியான வழி இல்லை, உள்ளே இருக்கிற சீலைத் தாண்டி ஆயிலைத் தள்ளிக்கொண்டே திருப்ப வேண்டும், நிறுத்தும் இடத்தில் தோள் கழன்றுவிடும். ஒழுங்காகச் செய்ய ரேக்கைப் பிரித்து உள்ளே சீலை எடுக்க வேண்டும், அல்லது மேனுவல் ரேக் தேடிப் பிடிக்க வேண்டும், அதன் பல்விகிதமே வேறு. என் மனைவியும் இந்த வண்டியை ஓட்டுகிறாள், சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்கில் அவள் படப்போகிற பாட்டுக்கு நான் வாங்கப்போகிற திட்டை நினைத்து அந்த யோசனையை அப்படியே விட்டுவிட்டேன்.

மஸ்டாவே ஜப்பானில் இந்த முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 2017-இல் அறிவித்தது, துணிக்கூரையும் நார்டி மர ஸ்டீயரிங் வீலும்கூடத் திரும்பச் செய்தார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே உப்பில் ஊறிய ஒரு வண்டிக்கு 48 பவுண்டு குனிஃபர் குழாய்தான் நடைமுறை.

எம்ஓடி மார்ச் 19 அன்று தேறியது. 850 சொன்ன கராஜில் இல்லை, வேறு இடத்தில்.

இந்த மாதிரிப் பட்டறைக்குப் போகிறவர்கள் பழைய குழாய்களை நன்றாகத் துடைத்து, முனைகளில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு போங்கள், மேசையில் ஆயில் சொட்டினால் பெரியவரின் முகம் மாறிவிடும். அழுத்த ஹோஸ் என்றால் போனில் பேசும்போதே பவர் ஸ்டீயரிங் ஹோஸ்தான் வேண்டும், ஜே188, கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கார்டு வாங்க மாட்டார், காசு கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள், நான் முதல் தடவை போனது ஒன்று பத்துக்கு.